தலைமன்னார் றோட்டில ரயர் வெட்டுப்பட்ட வாடகைக் கார்: சொந்தக்காரர் முற்பணமும் அடையாள அட்டையும் (ஐ.சி) தரமாட்டன் எண்டு நிக்கிறார், என்ன செய்யலாம்?

விசுவமடு அக்கா எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப் போறன், பொறுமையா வாசியுங்கோ. வாகன விசயம் தெரிஞ்ச ஆக்கள் பதில் சொன்னால் பெரிய உதவி.

நாங்கள் விசுவமடு. இவர் டிப்பர் ஓடுறவர், நான் வீட்டில தையல். எங்களிட்ட இருக்கிறது ஒரு மோட்டச்சைக்கிள் மட்டும். பள்ளிக்கூட லீவுக்கு ரெண்டு பிள்ளையளையும் மாமியையும் கூட்டிக்கொண்டு மன்னார்த்தீவுக்குப் போய் ஒரு இரவு தங்கி வருவம் எண்டு ஒரு வருசமா சீட்டுப் போட்டுக் காசு சேர்த்தனான். மன்னாரைத் தெரிஞ்செடுத்தது மாமிக்காக. 1990ல சண்டை திரும்பத் துவங்கேக்க இவரைக் கைக்குழந்தையாத் தூக்கிக்கொண்டு பேசாலையில வள்ளம் ஏறி ராமேஸ்வரம் போனவ. மண்டபம் முகாமில கனகாலம் இருந்திட்டு சமாதான காலத்தில, 2003ல, திரும்பி வந்தவ. அந்தக் கடலை இந்தக் கரையில நிண்டு ஒருக்காப் பாக்க வேணும் எண்டு எத்தினை தரம் சொல்லியிருப்பா. பஸ்ஸில போகலாம்தான், ஆனால் அவக்கு முழங்கால் வருத்தம், படி ஏறி இறங்க ஏலாது. அதாலதான் கார்.

கிளிநொச்சிப் பக்கம் ஒருத்தர் வாடகைக்கு விடுறார். பேர் போடேல்லை. நாளுக்கு 9,000 ரூபா, ரெண்டு நாள். நாளுக்கு 100 கிலோமீற்றர், அதுக்கு மேல ஓடினால் கிலோமீற்றருக்கு 50 ரூபா. முற்பணம் 30,000. அதோட இவற்ற ஐ.சி.யையும் வாங்கி லாச்சிக்குள்ள வைச்சுப் பூட்டினவர். ஒரு ஆங்கிலப் பத்திரத்தில கையெழுத்து. சின்ன ஜப்பான் கார், 1000 சிசி. "ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு, பயமில்லாமக் கொண்டு போங்கோ" எண்டார்.

விடிய நாலரைக்கு வெளிக்கிட்டு, பரந்தனால பூநகரி போய், பிறகு ஏ-32ல வெள்ளாங்குளம், விடத்தல்தீவு எண்டு இறங்கினம். திருக்கேதீச்சரத்தில பாலாவியில கால் நனைச்சுச் சாமி கும்பிட்டிட்டு, பாலம் கடந்து தீவுக்குள்ள போகேக்க பத்து மணி இருக்கும். பள்ளிமுனையில பெருக்கமரத்தைச் சுத்திப் பிள்ளையள் கை கோத்துப் பாத்ததுகள், கால்வாசியும் எட்டேல்லை. அது வரைக்கும் ஒரு குறையும் இல்லை.

பேசாலை தாண்டித் தலைமன்னார்ப் பக்கம் போகேக்க றோட்டில நாலைஞ்சு கழுதை. குட்டி ஒண்டு நடுறோட்டில நிண்டது. எதிர்ல வந்த பஸ் அதை விலத்தி எங்கட பக்கம் வந்திட்டுது. இவர் வேகமில்லை, நாற்பதிலதான் போனவர். இடப்பக்கம் இறக்கினார். தார் விளிம்பால சில்லு கீழ விழுந்து மதகுக் கட்டின்ர மூலையில அடிச்ச சத்தம் இப்பவும் காதுக்குள்ள இருக்கு. ஒருத்தருக்கும் காயமில்லை, கடவுள் காத்தது. முன் இடது ரயர் உடன தட்டை.

இவர் "அஞ்சு நிமிச வேலை" எண்டு இறங்கி டிக்கியைத் திறந்து மட்டையைத் தூக்கினார். ஸ்பெயார் ரயர் இருக்க வேண்டிய குழிக்குள்ள ரெஜிபோம் பெட்டி ஒண்டு. அதுக்குள்ள ஒரு குட்டிப் பம்பும் போத்தலும். போத்தலில ஜப்பான் எழுத்து, கீழ 2021.06 எண்டு இலக்கம். பத்து வருசம் டிப்பர் ஓடின மனுசன் அந்தப் போத்தலைக் கையில வைச்சுக்கொண்டு என்னைப் பாத்த பார்வை எனக்குத்தான் தெரியும். சரி எண்டு காரில பம்பைக் கொழுவி அடிச்சுப் பாத்தம். வெட்டு ரயரின்ர சுவரில, என்ர சின்னவிரல் நீளம். அடிக்க அடிக்கக் கள்ளிப்பால் மாதிரி வெள்ளையா நுரைச்சு வெளியால வந்து மணலில ஊத்துப்பட்டுது. போத்தல் முடிஞ்சுது, ரயர் அப்பிடியே கிடந்தது.

காரை விட்டவருக்கு எடுத்தம். "ரயர் உங்கட பொறுப்பு, அங்க எங்கயாவது பாருங்கோ" எண்டிட்டு வைச்சிட்டார். பிறகு எடுக்க எடுக்கப் போன் ஓஃப்.

உதவினது லான்ட்மாஸ்டரில (ரெண்டுசில்லு உழவு மெசின்) வலை ஏத்திக்கொண்டு போன, தலைமன்னார் ஊருமலை ஐயா ஒருத்தர். ஜக் மணலுக்குள்ள தாண்டுகொண்டு போகுது எண்டு பாத்திட்டு, தன்ர பெட்டிக்குள்ள கிடந்த பழைய வள்ளப் பலகையைத் தந்து ஜக்குக்குக் கீழ வைக்கச் சொன்னார். சில்லைக் கழட்டி லான்ட்மாஸ்டரில போட்டு இவரைப் பேசாலைக்குக் கூட்டிப் போனவர். அங்க அந்தச் சைஸ் இல்லை. பிறகு ஓட்டோ பிடிச்சு மன்னார் ரவுணுக்கு. பழைய ரயர் ஒண்டு 8,500, பூட்டுக்கூலி 500, ஓட்டோ போகவர 4,000. நாங்கள் ஒரு பனைக்குக் கீழ மாமியைச் சாக்கில இருத்திப்போட்டு நாலரை மணித்தியாலம் இருந்தம். தலைமன்னார் பியருக்கு (இறங்குதுறைக்கு) போய்ச் சேரேக்க பொழுது பட்டிட்டுது. மாமி கரையில நிண்டவ. அங்கால ஒண்டும் தெரியேல்லை. காத்து மட்டும்.

இப்ப பிரச்சினை என்னெண்டால், காரைக் குடுக்கப் போகேக்க அவர் ஒரு துண்டில கணக்கு எழுதித் தந்தார். கூட ஓடின 150 கிலோமீற்றருக்கு 7,500. அதை அந்த இடத்திலயே எண்ணிக் குடுத்தம், அதில தகராறு இல்லை. ஆனால் "முன் ரயர் ரெண்டும் ஒரே சோடி வேணும்" எண்டு புது ரயர் ரெண்டுக்கு 38,000, றிம் நெளிஞ்சதுக்கு 6,000, முன் பம்பர் கீறலுக்கு 15,000. எல்லாம் 59,000. முற்பணம் கழிச்சு இன்னும் 29,000 கொண்டு வந்தால்தான் ஐ.சி.

அந்தப் பம்பர் கீறல் நாங்கள் போட்டதில்லை, சத்தியமா. காரை எடுத்த பின்னேரமே மகள் முன்னால சாய்ஞ்சு நிண்டு எடுத்த படம் ஒண்டு போனில இருக்கு. அவளின்ர சட்டைக் கரைக்குப் பக்கத்தில அரைவாசிக் கீறல் தெரியுது.

வெட்டுப்பட்டது எங்கட கையிலதான், அந்த ஒரு ரயருக்கு நியாயமானதைக் குடுப்பம். மற்றதுகளையும் நாங்கள்தான் குடுக்க வேணுமோ? ஸ்பெயார் ரயர் இல்லாத காரைக் குழந்தை குட்டியோட போற ஆக்களுக்குக் குடுக்கேக்க ஒரு வார்த்தை சொல்ல வேணாமோ? இவற்ற ஐ.சி இல்லாமல் வங்கியில ஒண்டும் செய்யேலாமல் இருக்கு. எங்க போய்ச் சொல்லுறது?


வவுனியா ரயர்க்கடை எழுதினது:

அக்கா, முதல் அந்த வெட்டுப்பட்ட ரயர் எங்க? உங்களிட்ட இருந்தால் எறிஞ்சு போடாதேங்கோ, ஆரிட்டயும் குடுக்கவும் வேணாம். ரயரின்ர சுவரில டி.ஓ.டி எண்டு துவங்கிற ஒரு வரி இருக்கும். அதின்ர கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கோ. முதல் ரெண்டும் கிழமை, மற்ற ரெண்டும் வருசம். 3518 எண்டிருந்தால் 2018ஆம் ஆண்டின்ர 35ஆவது கிழமை செய்த ரயர். முழு இலக்கமும் ஒரு பக்கச் சுவரிலதான் இருக்கும், வெளிப்பக்கம் இல்லாட்டி உள்பக்கம் திருப்பிப் பாருங்கோ. பிறகு காடியளுக்குள்ள குறுக்கால சின்னச் சின்ன மேடு இருக்கும், 1.6 மில்லிமீற்றர் உயரம். ரப்பர் அந்த மேட்டோட மட்டமாத் தேய்ஞ்சிருந்தால் அந்த ரயர் ஏற்கனவே முடிஞ்சுது.

இதை ஏன் சொல்லுறன் எண்டால், பழைய ரயருக்குப் புது ரயர்க் காசு கேக்கேலாது. நாலில மூண்டு பங்கு ஓடி முடிஞ்ச சாமானுக்கு மிச்சப் பெறுமதிதான் நட்டம்.

ஆனால் உள்ளதையும் சொல்ல வேணும். ஒரே அச்சில ரெண்டு பக்கமும் ஒரே சைஸ், கிட்டத்தட்ட ஒரே தேய்மானம் இருக்கிறதுதான் சரி. அந்தக் கார் முன்சில்லு இழுக்கிற வண்டி. ஒண்டு புதுசு ஒண்டு பழசு எண்டால் ஒரு பக்கத்துக்கு இழுக்கும், பிரேக் பிடிக்கேக்க தெரியும். அவர் சோடி கேட்டது முழுக்கப் பிழையில்லை. அதுக்காக ரெண்டு புதுசு உங்கட தலையில ஏறாது. மற்ற ரயரின்ர தேய்மானத்துக்குக் கிட்டினதா ஒரு பழசு தேடிப் போட்டால் வேலை முடிஞ்சுது. நீங்கள் மன்னாரில போட்டது என்ன சைஸ், எவ்வளவு தேய்மானம் எண்டு பாத்துச் சொல்லுங்கோ, அதுவே காணுமா இருக்கும். றிம் இரும்பெண்டால் நெளிவு எடுத்து நேராக்கலாம், 6,000 வராது. அலைன்மென்ற் ஒருக்காப் பாக்க வேணும், மதகில அடிச்சதால. அந்தக் காசை நீங்கள் குடுக்கிறது நியாயம்.

அந்தப் போத்தல் மருந்து ஆணி குத்தின ஓட்டைக்குத்தான், அதுவும் தரையில படுகிற பக்கத்தில நாலு மில்லிமீற்றர் அளவான ஓட்டைக்கு. சுவர் வெட்டுக்கு எந்த மருந்தும் ஒட்டும் இல்லை. அண்ணை அடிச்சது பிழையெண்டு நினைக்க வேணாம், புதுப் போத்தலா இருந்தாலும் நிண்டிராது. ஜப்பானில இருந்து வாற சின்னக் கார் கனக்க இப்ப ஸ்பெயார் இல்லாமல்தான் வருது. பாரமும் இடமும் மிச்சம் எண்டு அப்பிடிச் செய்யிறாங்கள். அங்க போன் பண்ணினால் ஆள் வரும். பேசாலைக்கும் தலைமன்னாருக்கும் இடையில ஆர் வாறது?


கிளிநொச்சி வாடகைக் கார்க்காரன் எழுதினது:

தங்கச்சி, நானும் ரெண்டு கார் வாடகைக்கு விடுறவன். எங்கட பக்கத்தையும் கொஞ்சம் சொல்லுறன். மாதம் பிறந்தால் லீசிங் கட்ட வேணும், கார் நிண்டாலும் ஓடினாலும். போன வருசம் ஒருத்தர் என்ர காரைக் கடற்கரை மணலுக்குள்ள இறக்கி, கிளச்சைக் கருக்கிக் கொண்டுவந்து வைச்சிட்டு, "எடுக்கேக்கயே இப்பிடித்தான்" எண்டு சொல்லிப்போட்டுப் போட்டார். ஆகையால் முற்பணம் வாங்கிறதில பிழை சொல்லேலாது. ரயரும் வழமையா எடுக்கிற ஆளின்ர பொறுப்புத்தான்.

ஆனால் உங்கட கதையை வாசிக்க எனக்கே வெக்கமா இருக்கு. ஸ்பெயார் இல்லாட்டி சொல்ல வேணும். நான் ரெண்டு காருக்கும் பழைய சில்லு ஒவ்வொண்டு வேண்டி டிக்கிக்குள்ள போட்டு, ஜக்கும் சில்லுக் கழட்டுற சாவியும் வேலை செய்யுதோ எண்டு ஆக்களுக்கு முன்னால காட்டித்தான் திறப்பைக் குடுக்கிறன். போனை ஓஃப் பண்ணினது அதைவிடப் பெரிய பிழை. நடுவழியில நிக்கிற குடும்பத்துக்கு மன்னாரில தெரிஞ்ச கராஜ் ஒண்டின்ர நம்பரையாவது குடுத்திருக்கலாம்.

ஃபுல் இன்சூரன்ஸ் எண்டு சொன்னவர் எண்டீங்கள். அந்த இன்சூரன்ஸ் அட்டையில பாவனை எதுக்கு எண்டு போட்டிருக்கும். சொந்தப் பாவனை எண்டு போட்ட காரை வாடகைக்கு விட்டால், நாளைக்குப் பெரிய அடிபாடு வந்தாலும் கம்பனி காசு தராமல் விடலாம். இனி எடுக்கிற ஆக்கள் திறப்பு வாங்க முதல் அதைக் கேட்டுப் பாருங்கோ. வெறும் ரயர் வெட்டுக்குப் பெரும்பாலும் இன்சூரன்ஸ் வராது, அதை எதிர்பாக்க வேணாம்.

கீறலுக்கு: காரை எடுக்கேக்க சுத்திவர வீடியோ எடுக்கிறது எங்களுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. உங்களிட்ட மகளின்ர படம் இருக்கு. அதை வெட்டாமல் ஒட்டாமல் எடுத்தபடியே வைச்சிருங்கோ. எடுத்த நாளும் நேரமும் படத்தோடயே இருக்கும்.


ஓய்வு பெற்ற எழுதுவினைஞர், முல்லைத்தீவு எழுதினது:

சகோதரிக்கு, சுருக்கமாகச் சொல்கிறேன். அடையாள அட்டை ஈடு வைக்கும் பொருள் அல்ல. ஆட்களைப் பதிவு செய்யும் 1968ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அரசு வழங்கும் பத்திரம் அது. பிரதி கேட்டால் கொடுக்கலாம். மூலத்தைக் கொடுத்திருக்கக் கூடாது. இப்போது முதலில் வாட்ஸ்அப்பில் எழுத்தில் கேளுங்கள்: இன்ன திகதி கொடுத்தோம், இன்ன திகதிக்குள் திருப்பித் தரவும் என்று. தொலைபேசியில் பேசியது காற்றோடு போய்விடும். தராவிட்டால் உங்கள் கணவர் நேரில் பொலிசில் முறைப்பாடு செய்யலாம்.

காசு விடயத்துக்கு இரண்டு வழி. ஒன்று, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை. 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், மாவட்டச் செயலகத்திலும் அவர்களுடைய அலுவலர்கள் இருக்கிறார்கள். அவர்களின் சட்டம் 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கம். சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும், ஆகவே நாளைக் கடத்தாதீர்கள். மற்றது மத்தியஸ்த சபை. இப்படிச் சிறு தொகைப் பிணக்கு நீதிமன்றத்துக்குப் போனாலும் முதலில் அங்கேதான் அனுப்புவார்கள். சட்டத்தரணி தேவையில்லை, அங்கே அவர்கள் உங்களுக்காக வாதாடவும் முடியாது. இரண்டு தரப்பும் இருந்து பேச வேண்டியதுதான். மருமகளாக உங்கள் கடமையையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அந்த அம்மாவை மறுபடி ஒருமுறை பகல் வெளிச்சத்தில் கூட்டிப் போங்கள்.


பேசாலைத் தம்பி எழுதினது:

அக்கா, அந்த மதகு எது எண்டு எனக்குத் தெரியும். தார் விளிம்பு அங்க சாணளவு இறங்கிப் போய்க் கிடக்கு. மழைக்குப் பிறகு இன்னும் மோசம். ஊர் ஆக்கள் அதில மெதுவாத்தான் போவினம். கழுதையள் பகலில எண்டாலும் தெரியும், இரவில சூடு பிடிக்க றோட்டிலதான் வந்து படுக்குங்கள். லைற் வெளிச்சத்துக்கும் எழும்பாதுகள். அண்ணை குட்டியை அடிக்காமல் இறக்கினவர், நல்ல மனுசன்.

வாற ஆக்களுக்கு ஒண்டு சொல்லுறன். ஊருமலைப் பக்கம் மணல்திட்டுக்கு வள்ளம் ஏறப் போற இடத்தில காரைத் தார் றோட்டிலயே விட்டிட்டு நடவுங்கோ. சின்னக் கார் மணலில இருந்தால் அக்சிலேற்றரை மிதிக்க மிதிக்கத் தாழும். மிதிக்கிறதை விட்டிட்டு ரயரில காத்தை அரைவாசிக்குக் குறைச்சு, சில்லுக்கு முன்னால பனையோலை போட்டு மெல்ல எடுக்க வேணும். வெளியால வந்த உடன காத்து அடிக்காமல் ஓடாதேங்கோ.

மாமிக்குப் பொழுது பட்ட பிறகு தெரிஞ்சிருக்காது. விடியக் காலமை வரவேணும். கடல் அமந்திருக்கேக்க வந்தால் திட்டுக்குக் கிட்டவும் போகலாம்.


விசுவமடு அக்கா எழுதினது:

எல்லாருக்கும் கை எடுத்துக் கும்பிடுறன். ஒரு கிழமையா இஞ்ச வரேல்லை, நடந்ததைச் சொல்லுறன்.

ரயர் எங்கட புளியமரத்துக்குக் கீழதான் கிடந்தது. ரயர்க்கடைத் தம்பி சொன்ன மாதிரி உள்பக்கம் திருப்பித் தேங்காய்த் தும்பால தேய்ச்சுப் பாத்தம். 0816. ஒன்பது வருசத்துக்கு மேல. சுவர் முழுக்க வெயிலில வெடிச்ச குளத்துத்தரை மாதிரிக் கோடு. அதைப் படம் எடுத்து, மகளின்ர படத்தையும் சேர்த்து, ஐ.சி.யை வாற திங்களுக்குள்ள தாங்கோ எண்டு எழுதி அனுப்பினன். 1977 எண்ட இலக்கத்தையும் மத்தியஸ்த சபையையும் மரியாதையா எழுதினனான், வெருட்டேல்லை. ரெண்டு நீலக்கோடு விழுந்துது, பதில் இல்லை.

திங்கள் காலமை நாங்கள் நேர போனம். எங்கட ஊர்ப் பெரியவர் ஒருத்தரும் வந்தவர். சத்தம் போடேல்லை. கீறலின்ர படத்தைக் காட்டின உடன அந்தாள் ஒண்டும் கதைக்கேல்லை, துண்டை எடுத்து 15,000ஐ வெட்டினார். ரயருக்குக் கதைச்சுக் கதைச்சு, மன்னாரில போட்ட ரயர் அதிலயே இருக்கட்டும், அலைன்மென்றுக்கும் றிம்முக்கும் 5,000, அதுக்கு மேல நட்டமெண்டு 4,500 எடுத்துக்கொண்டு, 20,500 திருப்பித் தந்தார். அந்த 4,500 எனக்கு மனசுக்கு ஒத்துவரேல்லை. ஆனால் இவர் "காணும், விடு" எண்டார். ஐ.சி கைக்கு வந்திட்டுது.

வெளிக்கிடேக்க இவர் திரும்பி நிண்டு, "அண்ணை, அடுத்த குடும்பத்துக்குக் குடுக்க முதல் ஒரு சில்லு வேண்டி உள்ளுக்குப் போடுங்கோ" எண்டு மட்டும் சொன்னவர். ஓம் எண்டவர். செய்யிறாரோ தெரியாது.

முல்லைத்தீவு ஐயாவுக்கு, மாமியைத் தைப்பொங்கல் கழியத் திரும்பக் கூட்டிப் போறம். இந்தமுறை ட்ரைவரோட வான்.

பேசாலைத் தம்பி, உங்களிட்ட ஒரு உதவி. ஊருமலை ஐயா ஜக்குக்கு வைக்கத் தந்த பலகை அந்த அவதியில எங்கட டிக்கிக்குள்ள ஏறி வீட்டுக்கு வந்திட்டுது. நீலப் பெயின்ற் உரிஞ்ச பலகை, ஒரு பக்கத்தில ரெண்டு ஆணி ஓட்டை, ரெண்டரை அடி நீளம். ஐயாவின்ர பேர் கேக்க மறந்திட்டம். வலதுகையில ஒரு விரல் குறை, லான்ட்மாஸ்டர் சிவப்பு. அவரைத் தெரியுமோ? பொங்கல் வரைக்கும் வைச்சிருக்க மனமில்லை. நாலு மணித்தியாலம் எங்களோட நிண்ட மனுசன், காசு குடுக்கக் கையைத் தட்டி விட்டவர்.


பேசாலைத் தம்பி எழுதினது:

தெரியும் அக்கா. எங்கட பெரியம்மாவின்ர பக்கத்து வீடு. மன்னார் பஸ்ஸில ஏத்தி கொண்டக்டரிட்ட என்ர பேரைச் சொல்லி விடுங்கோ, நம்பரைத் தனியா அனுப்புறன். பலகையோட உங்கட பக்கத்துப் புளி கொஞ்சம் வைச்சு விட்டீங்கள் எண்டால் ஐயா சந்தோசப்படுவார். இஞ்ச மீன் இருக்கு, நல்ல புளிக்குத்தான் கடைக்கு ஓட வேணும்.